இடிப்பதற்கு முன்னால் ஒரு எஞ்சினியரைக் கூப்பிடுங்கள்: எங்கள் ஊர்ப் பள்ளி வாரியத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளி வாரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இதே விஷயத்தை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பியிருந்தேன், கிடைத்தது என்று ஒரு வரி வந்தது, அதோடு சரி. தமிழில் எழுதினால் நீங்கள் படிக்கப்போவதில்லை, ஆங்கிலத்தில் எழுதியதையும் படித்த மாதிரி தெரியவில்லை, அதனால் எனக்குப் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் இந்த மாதிரிச் சின்ன ஊர்களில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் நம் ஆட்களாவது படிக்கட்டும்.

பழைய கல் பள்ளிக்கூடத்தை இடிக்க டெண்டர் விடப்போவதாக அறிவிப்பு ஒட்டியிருக்கிறீர்கள். காரணம் என்று பார்த்தால், கட்டடம் பாதுகாப்பாக இல்லையாம். யார் பார்த்துச் சொன்னது, எந்தச் சுவர், எந்த மூலை, ஒரு விவரமும் இல்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று. பழைய கல் கட்டடங்களில் வேலை பார்த்த ஒரு எஞ்சினியரை அழைத்துவந்து காட்டுங்கள், அவர் எழுதித் தருவதை எங்கள் கையில் கொடுங்கள், டெண்டரை அதற்கு அப்புறம் பேசலாம்.

போன மாதம் ஒரு மத்தியானம் சூறாவளி (டொர்னாடோ) சைரன் ஊதியது உங்களுக்கு நினைவிருக்கும். டிரெய்லர் வகுப்பறைகளில், அதாவது இழுத்துவந்து நிறுத்திய தற்காலிகப் பெட்டி அறைகளில், இருந்த பிள்ளைகளை ஆசிரியர்கள் வரிசையாக வெளியே கொண்டுவந்து, ஆலங்கட்டி கொட்டுகிற மைதானத்தைத் தாண்டி ஓடவைத்தார்கள். எங்கே? நீங்கள் பூட்டுப் போட்டிருக்கிற அதே கல் கட்டடத்துக்கு. உங்கள் அவசரகாலத் திட்டத்தில் இன்னமும் அதன் நடு நடைபாதைதான் புகலிடம். சாவி வைத்திருந்தவர் வந்து சேரும்வரை சின்னப் பிள்ளைகள் தலையில் புத்தகப் பையை வைத்துக்கொண்டு வாசல் படியில் நின்றார்கள், என் மகளும் நின்றாள். ராத்திரி அவள் என்னிடம் கேட்டது இதுதான்: அந்தக் கட்டடம் விழுந்துவிடும் என்று பூட்டினார்கள் என்றால், காற்று அடிக்கும்போது மட்டும் ஏன் அதற்குள் போகச் சொல்கிறார்கள்? எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள், அவளிடம் சொல்லிவிடுகிறேன்.

கம்பி போடாத கல் சுவர் சூறாவளிக்குச் சரியான புகலிடம் அல்ல என்பது எனக்கும் தெரியும். 2013 மே 20 அன்று மூர் நகரில் பள்ளிக்கூடத்துச் சுவர் சரிந்து 7 பிள்ளைகள் இறந்ததை இந்த மாநிலத்தில் யாரும் மறக்கவில்லை. பிள்ளைகளுக்கு வேண்டியது முறையான பாதுகாப்பு அறை. அதைக் கட்டுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் உங்கள் அறிவிப்பில் பாதுகாப்பு அறை பற்றி ஒரு சொல் கூட இல்லையே! கல் கட்டடம் போய்விடும், டிரெய்லர்கள் இருக்கும். அடுத்த தடவை சைரன் ஊதினால் பிள்ளைகள் எங்கே ஓடுவார்கள்?

கட்டடத்தின் கதையை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, வாசலில் பதித்த பலகையை நீங்கள் எல்லோரும் சின்ன வயதிலிருந்தே பார்த்திருப்பீர்கள். 1935-இல் அதிபர் ரூஸ்வெல்ட் வேலையில்லாதவர்களுக்கு அரசாங்க வேலை கொடுக்கத் தொடங்கிய டபிள்யூ.பி.ஏ. திட்டத்தில் கட்டியது. பருத்தி விலை படுத்து, மேற்கே புழுதிப்புயல் அடித்து, குடும்பம் குடும்பமாகக் கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பிப் போன காலம். போகாமல் நின்றவர்களுக்கு ஏதாவது வேலை கொடுக்கவேண்டும், ஆனால் சாமான் வாங்கப் பணம் அதிகம் செலவாகக் கூடாது, அதனால்தான் பக்கத்திலேயே கிடைத்த மணற்கல்லை வெட்டினார்கள், இயந்திரத்தை விட மனிதக் கையை அதிகம் நம்பினார்கள். கிராமப்புறத்தில் தொழில் தெரியாத ஆளுக்கு மாதம் இருபது சொச்சம் டாலர் சம்பளம். உளியையே தொட்டிராத விவசாயிகள் கல் கொத்தக் கற்றுக்கொண்டது அந்த வேலையில்தான். மண்வெட்டியில் சாய்ந்து நின்று அரசாங்கச் சம்பளம் வாங்குகிறார்கள் என்று அவர்களை நாடு முழுக்கக் கேலி செய்தார்கள். சாய்ந்து நின்றவர்கள் கட்டியது எண்பது வருஷத்துக்கு மேல் நிற்கிறது. நேற்று வாங்கிய டிரெய்லரின் தரை அதற்குள் அமுங்குகிறது.

அந்தக் கட்டடத்தைக் கோயிலாக்கவும் நான் வரவில்லை. இந்த மாநிலத்தின் அரசியல் சட்டமே கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி என்று எழுதி வைத்திருந்த காலத்தில் எழுந்த சுவர் அது. பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்று 1954-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரும்வரை அந்த வாசல் எல்லோருக்குமான வாசல் இல்லை. அதுவும் சேர்ந்துதான் இந்த ஊரின் கதை. இடித்துவிட்டால் அந்தப் பகுதியையும் சேர்த்து மறந்துவிடலாம் என்று யாராவது நினைத்தால், அது வேறு விஷயம்.

இப்போது கட்டடத்துக்கு என்ன கேடு? கூரைத் தண்ணீர் வடியும் தகரம் வடக்குப் பக்கம் கழன்று தொங்கி எத்தனையோ மழை பார்த்துவிட்டது. தண்ணீர் சுவருக்குள் இறங்குகிறது. அதற்குப் பரிகாரமாக யாரோ வந்து இடுக்குகளில் கெட்டி சிமெண்டைப் பூசிவிட்டுப் போனார்கள், உள்ளே போன ஈரம் சிமெண்ட் வழியாக வெளியே வர முடியாமல் மெத்தென்ற கல்லின் வழியே வருகிறது, கல்லின் முகம் பொரிந்து உதிர்கிறது. உதிர்வதைப் படம் எடுத்துக் கூட்டத்தில் காட்டி, பாருங்கள் கட்டடம் சாகிறது என்கிறீர்கள். பல்வலிக்குத் தலையை எடுக்கிற வைத்தியம் இது. தகரத்தை மாட்ட என்ன செலவாகும் என்று எழுந்து கேட்டேன், பேசத் தந்த மூன்று நிமிடம் முடிந்துவிட்டது என்று உட்காரச் சொன்னீர்கள்.

பணம் இல்லை என்பீர்கள். இருக்காது, ஒப்புக்கொள்கிறேன். இந்த மாநிலத்தில் பள்ளிக்கூடத்துக்குக் கடன் பத்திரம் போட வாக்கெடுப்பில் 60 சதவீதம் வேண்டும், பாதிக்கு மேல் ஊர் சம்மதித்தாலும் தோற்றுப்போகலாம். செலவு கட்டுப்படியாகாமல் வாரத்துக்கு நாலு நாள் மட்டும் பள்ளி நடத்துகிற ஊர்கள் இங்கே இருக்கின்றன. 2018-இல் சம்பளமும் பள்ளி நிதியும் கேட்டு ஆசிரியர்கள் வகுப்பை விட்டுத் தலைநகருக்கே போய் நின்றார்கள். அன்றைக்கு நாடே பஞ்சத்தில் கிடந்தபோது பள்ளிக்கூடம் கட்டப் பணம் இருந்தது, இன்றைக்குத் தகரம் மாட்டப் பணம் இல்லை, ஆனால் இடிக்க மட்டும் எங்கிருந்தோ வருகிறது. எங்கிருந்து வருகிறது என்பதையும் சொன்னால் நல்லது. வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் இடம்பெற்ற கட்டடமே ஆனாலும், சொந்தப் பணத்தில் இடித்தால் பெரும்பாலும் யாரும் தடுக்க முடியாது, மத்திய அரசுப் பணம் கலந்தால்தான் கேள்வி வரும். உங்கள் வக்கீலுக்கு இது தெரியாமல் இருக்காது.

சரி, கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். சம்பளம் வாங்காமல் இந்தப் பொறுப்பில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதும், ஊர்ப்பேச்சு முழுவதையும் கேட்கவேண்டியிருக்கிறது என்பதும் புரிகிறது. அதனால் மறுபடியும் பணிவாகவே கேட்கிறேன். டெண்டரை நிறுத்தி வையுங்கள். மாநில வரலாற்றுச் சங்கத்தில் பழைய கட்டடங்களைப் பேணிக் காக்க இருக்கும் அலுவலகத்தைக் கேட்டால் இந்த மாதிரிக் கல் கட்டடம் தெரிந்தவர்களை எப்படித் தேடுவது என்று வழி சொல்வார்கள். அவர்களில் ஒருவர் வந்து பார்க்கட்டும், அறிக்கை ஊருக்குக் கிடைக்கட்டும். இடிக்கத்தான் வேண்டும் என்று அவர் எழுதினால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். அதற்கிடையில் சைரன் ஊதினால் அந்தக் கதவின் சாவி யாரிடம் இருக்கும் என்பதை மட்டும் இந்த வாரமே ஆசிரியர்களுக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள், அதற்கு வாக்கெடுப்பு தேவையில்லை.

இப்படிக்கு,
டிரெய்லர் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளையின் தாய்