நமது நாணயச் சேகரிப்போர் சங்கம், கரூர்: 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அய்யா அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம். அவர்களுக்கு இந்த அறிக்கை தபாலில் போகும், செலவு சங்கத்தின் கணக்கில்.

ஆண்டில் 11 மாதக் கூட்டங்கள் நடந்தன. டிசம்பர் கூட்டம் மழையால் நடக்கவில்லை. ஆகஸ்டில் ஒரு பள்ளியில் கண்காட்சி வைத்தோம், பிள்ளைகள் ஓட்டைக் காலணாவை விரலில் மோதிரமாகப் போட்டுப் பார்த்தார்கள், எல்லாம் திரும்பி வந்துவிட்டன. பொங்கல் சந்திப்பு வழக்கம்போல். எழும்பூர் அருங்காட்சியகச் சுற்றுலாவுக்கு நான்கு பேர்தான் பெயர் கொடுத்ததால் வண்டி பேசவில்லை.

அடுத்து சோதனை மேசை. இதைப் பற்றிப் பலரும் பலவிதமாகப் பேசுவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நூலக மாடியில் ஒரு மேசை போட்டு, யார் எந்தக் காசைக் கொண்டுவந்தாலும் இலவசமாகப் பார்த்துச் சொல்வது என்று ஜூன் கூட்டத்தில் முடிவானது. இது என் யோசனைதான், மறுக்கவில்லை. நகைக் கடையில் வைத்திருப்பது போன்ற தராசு, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு கண்ணாடி டம்ளர், ஒரு நூல்கண்டு, இவ்வளவுதான் சாமான். தராசின் மேல் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி, அடியில் தட்டாமல் தண்ணீரில் தொங்கவிட வேண்டும். தராசு என்ன காட்டுகிறதோ அதனால் காசின் எடையை வகுத்தால் அது எந்த உலோகம் என்று ஓரளவு தெரிந்துவிடும். 11.66 கிராம் உள்ள பழைய வெள்ளி ரூபாய் 1.13 காட்டும். வகுத்தால் 10.3. அந்த ரூபாயில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி, அதற்கு இதுதான் கணக்கு.

முதல் நாள் முதல் காசாக என்னுடையதைத்தான் வைத்தேன். பலருக்கு இது மறந்துவிட்டது. ஆறாம் ஜார்ஜ் 1939 ரூபாய். 91.7 பங்கு வெள்ளியில் வந்த கடைசி வருஷத்து ரூபாய் அது, 1940 முதல் பாதிதான் வெள்ளி. கிடைப்பது அரிது, அதனாலேயே போலியும் அதிகம். அதை என்ன விலைக்கு வாங்கினேன் என்று இங்கே எழுதவில்லை, இந்த அறிக்கை என் வீட்டுக்கும் போகும். எடை சரி, தண்ணீரும் சரி, சுண்டினால் ஓசையும் நன்றாக இருந்தது. லென்ஸில் பார்த்தபோதுதான் ஒன்பதின் கீழ் இடது பக்கம் மெல்லிய கீறல்கள் தெரிந்தன. சுற்றியிருந்த தரை மட்டும் ஒரு மயிரிழை பள்ளம். 1938-இன் எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கியிருக்கிறார்கள். வெள்ளியும் அச்சும் அசல், ஒரே ஒரு இலக்கம் பொய். ஏழு வருஷமாக அதை எல்லோருக்கும் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தவன் நான்.

அடுத்து உபதலைவர் அவர்களின் 1911 ரூபாய். நம் வட்டாரத்தில் பன்றி ரூபாய் என்போம். ஐந்தாம் ஜார்ஜின் மார்பில் உள்ள யானை பன்றிபோல இருக்கிறதென்று எதிர்ப்பு வந்து, அரசாங்கம் அதைத் திரும்பப் பெற்று உருக்கியது, 1912-இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். உபதலைவரின் காசு தண்ணீரில் 1.36 காட்டியது. வகுத்தால் 8.6. செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம், வெள்ளி இல்லை. தராசு தப்பு என்றார், மூன்று முறை போட்டோம். "எங்கப்பா பெட்டியில இருந்ததுங்க இது" என்று சொல்லிவிட்டுக் காசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனவர், அப்புறம் கூட்டத்துக்கு வரவில்லை. அவரோடு ஆறு பேர் வருவதில்லை. எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டாம் என்று தலைவர் அய்யா கருதுகிறார். இருக்கலாம். ஆனால் என் காசையும் எல்லோர் முன்னாலும்தான் பார்த்தோம்.

மேசைக்கு வெளியாட்கள் நிறைய வந்தார்கள். பெரும்பாலும் காலணாக்கள், தாமரை போட்ட இருபது பைசா, சில நல்ல டச்சுத் துட்டுகள். ராஜராஜன் காசும் வரும். ஒரு பக்கம் நின்ற உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், கைக்குக் கீழே நாகரியில் பெயர். ஆயிரம் வருஷத்துக் காசாயிற்றே, லட்சம் போகுமா என்று கேட்பார்கள். அந்தச் செம்புக் காசை அத்தனை அடித்திருக்கிறார்கள், சாதாரணமானது சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. வயது வேறு, அருமை வேறு. இதை ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டியது. புளி போட்டு விளக்கிப் பளபளவென்று கொண்டுவருகிறவர்களிடம் சொல்வதற்கு ஒன்றுமில்லை. பாதி விலை புளியோடு போய்விட்டது.

அமராவதி மணலில் எடுத்தது என்று ஒருவர் பன்னிரண்டு மாக்கோதை வெள்ளிக் காசுகளைக் கொண்டுவந்தார். தலையுருவமும் மேலே தமிழ்ப் பிராமியில் பெயரும் உள்ள சேரர் காசு, இந்த வகைக் காசு நம் ஊர் ஆற்றில் முன்பு கிடைத்ததுதான், அதனால் கதை நம்பும்படி இருந்தது. வரிசையாக அடுக்கிப் பார்த்தோம். பன்னிரண்டிலும் மூக்குக்குக் கீழே அதே இடத்தில் அதே சின்னப் பள்ளம், ஓரத்தில் வார்ப்புத் தடம். கையால் ஒவ்வொன்றாக அடித்த காசில் இது நடக்காது. அசலாகவே மண்ணிலிருந்து புதையல் எடுத்திருந்தால் 1878-ஆம் வருஷச் சட்டப்படி கலெக்டருக்குச் சொல்ல வேண்டுமே என்றேன். காசுகளை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். நம் உறுப்பினர்கள் இருவர் பின்னால் போய் அவரிடமே வாங்கியதாகக் கேள்வி. பெயர் சொல்லவில்லை.

பிப்ரவரியில் ஒரு பெரியம்மா மஞ்சள் துணியில் முடிந்த காசு ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, 1818. குங்குமம் அப்பியிருந்தது. இரண்டு லட்சம் தருகிறேன், முதலில் பதிவுக் கட்டணம் ஐயாயிரம் அனுப்புங்கள் என்று ஒருவன் போனில் சொல்லியிருக்கிறான். கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. பழைய காசு விற்றுத் தருகிறோம் என்று தன் பெயரில் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்திருக்கிறது. எல்லாம் சொன்னேன். "அப்ப சாமி பொய்யாங்க தம்பி?" என்றார். "காசுதானுங்கம்மா பொய். சாமியைப் பூஜையிலேயே வையுங்க" என்றேன். ஐயாயிரம் மிச்சம். அந்த ஒரு ஞாயிறுக்காகவே தராசு வாங்கியது தகும் என்பது என் எண்ணம்.

கணக்குக்கு வருகிறேன். வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக நிற்கின்றன. ஏடு பொருளாளரிடம் இருக்கிறது, வேண்டுபவர்கள் பார்க்கலாம். தராசும் லென்ஸும் "இதர செலவு" என்ற தலைப்பில் போயிருப்பதைச் சிலர் கேட்டார்கள். வேறு தலைப்பு இல்லை, அதனால்தான்.

சந்தா விஷயம். ஆண்டுக்கு 300 ரூபாய், 41 உறுப்பினர்கள், கட்டியவர்கள் 17 பேர். ஏலத்தில் ஒரே ஒரு மொகர் என்ற பழைய தங்கக் காசு தவறிப் போனதற்கு ஒரு வாரம் தூங்காதவர்கள் நம்மில் உண்டு. 300 ரூபாய்க்கு மூன்று முறை போன் செய்தால் எடுப்பதில்லை. மூன்று வருஷப் பாக்கி உள்ளவர்கள் ஐந்து பேர், ஐவரும் சங்கத்தின் விலைப்பட்டியல் நகலை மட்டும் மறக்காமல் வாங்கிப் போனார்கள்.

இடம் தந்த நூலகத்துக்கும், கடனுக்குத் தேநீர் கொடுத்த கீழ்க்கடை அண்ணனுக்கும், கணக்குப் பார்த்துக் கையெழுத்திட்ட தணிக்கையாளருக்கும், செயற்குழுவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு நான் எந்தப் பொறுப்பையும் கேட்கவில்லை. கண்ணும் முன்புபோல் இல்லை. இளைஞர்கள் யாராவது மேசையை எடுத்துக்கொண்டால் ஒரு ஞாயிறில் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிடுவேன். இதுவரை யாரும் கேட்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். பொதுக்குழு வேறு விதமாக நினைத்தால் அதற்குக் கட்டுப்படுவேன். தராசு என் வீட்டில்தான் இருக்கிறது, பேட்டரி புதிது.

உபதலைவர் அவர்களின் பதவி அப்படியே இருக்கிறது, வேறு யாரையும் போடவில்லை. அந்த 1911 ரூபாயை அவர் அப்பா வாங்கியபோதும் தராசு இருந்திருக்காது. என்னுடைய 1939 மேசை டிராயரில் கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் லென்ஸ் வைத்துப் பார்க்கலாம், சந்தா பாக்கி உள்ளவர்களும்கூட.

இப்படிக்கு,
செயலாளர்