அந்த ‘ஓரிரு இடங்கள்’ எவை, அண்ணாச்சி?

டிவியிலும் ரேடியோவிலும் வானிலை சொல்லும் அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

நான் திசையன்விளைப் பக்கம் குட்டியானை ஓட்டுகிறவன். போன ஆனியில் ஒரு நாள் பன்னிரண்டு சிப்பம் கருப்பட்டி ஏற்றிக்கொண்டு தென்காசிக்குக் கிளம்பினேன். அன்று காலை நீங்கள் சொன்னது, ‘திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் லேசான மழை பெய்யக்கூடும்.’ பொய் என்று சொல்ல மாட்டேன். பெய்தது. அந்த ஓரிரு இடத்தில் ஒன்று என் வண்டியின் பின்பக்கம்.

நாங்குநேரியிலிருந்து எனக்கு இரண்டு வழி. மேற்கே போனால் களக்காடு, சேரன்மகாதேவி, அம்பை, கடையம் என்று மலையடிவாரமாகவே போய்விடலாம். வடக்கே போனால் நாலுவழிச் சாலையில் திருநெல்வேலி, அப்புறம் பேட்டை, ஆலங்குளம், பாவூர்சத்திரம். மழைக்குப் பயந்து வடக்கு வழியைப் பிடித்தேன்.

விடிகாலையிலேயே தேரிமண், எங்கள் பக்கத்துச் செம்மணல், எழும்பி ரோட்டுக்குக் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. நாலுவழிச் சாலையில் ஏறியதும் மேற்கேயிருந்து அடிக்கிற மேல்காத்து இடது பக்கம் வந்து மோதியது. லாரியை முந்தும்போது அதன் மறைவில் ஒரு நொடி காத்து நிற்கும். தாண்டி வெளியே வந்ததும் ஒரே தள்ளு. வெறும் வண்டியாக இருந்தால் பக்கத்துத் தடத்துக்கே போயிருப்பேன். ஆடிக் காத்தில் அம்மி பறக்குமோ என்னமோ, ஆனியிலேயே தார்ப்பாய் பறக்கிறது. ஓரத்துக் கயிறு ஒன்று அறுந்து மூலை படபடவென்று அடித்தது. இறங்கி முடிச்சுப் போட்டேன். சரியாகத்தான் போட்டேன் என்று இன்றும் நினைக்கிறேன், மச்சினன் ஒத்துக்கொள்வதில்லை.

திருநெல்வேலியில் சுள்ளென்று வெயில். ஆலங்குளம் தாண்டியபோது மேற்கே மலையையே காணோம், வெள்ளையாக மூடிக் கிடந்தது. பாவூர்சத்திரத்தில் வெயிலும் தூறலும் சேர்ந்தே விழுந்தன. ‘காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம்’ என்று மச்சினன் சிரித்தான்.

தென்காசியில் தார்ப்பாயை உருவினால், அந்த மூலையில் இரண்டு சிப்பத்தின் ஓலை நனைந்து கறுத்திருந்தது. கடைக்கார அண்ணாச்சி ஒரு கருப்பட்டியை எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கினார். விரல் பதிந்தது, எடுக்கும்போது நூலாக இழுத்தது. ‘கருப்பட்டியா வே இது, பாகுல்லா!’ என்றார். இரண்டு சிப்பமும் திரும்பி வந்தன, பணம் என் கூலியில் போனது. எங்கள் ஆச்சி கருப்பட்டியை அடுப்புக்கு மேலே பரணில், புகை படுகிற இடத்தில் ஏன் வைத்தாள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அந்த மாதிரி மழையைப் பற்றி நான் பேசவில்லை. அது வடகிழக்குப் பருவமழை, அதற்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை இருக்கிறது. மேல்காத்தோடு வருகிற சாரலுக்கு என்ன இருக்கிறது? நீங்கள் வாசிக்கும் மழைப் பட்டியல் செ.மீ. கணக்கு. சாரல் பல நாள் அந்தக் கணக்கில் ஏறவே ஏறாது. கருப்பட்டி கசிய அவ்வளவு தண்ணீரும் வேண்டாம்.

மாவட்டத்தை வைத்துச் சொல்வதால் எங்களுக்குப் பிரயோசனம் இல்லை. ஒரே திருநெல்வேலி மாவட்டத்தில்தான் மாஞ்சோலைக்கு மேலே ஊத்து, நாலுமுக்கு என்கிற மலையூர்கள் நனைந்துகொண்டிருக்கின்றன, கீழே இராதாபுரத்தில் புழுதி பறக்கிறது. தென்காசியை 2019-இல் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காத்துக்கு அது தெரியுமா? ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்துக்கு முப்பந்தலிலும் காவல்கிணற்றிலும் கரண்டு எடுக்கும் காத்தாடி நட்டுக் காசு பார்க்கிறார்கள். அதே காத்தில் வண்டி ஓட்டுகிறவனுக்கு ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை.

ஆகவே மழையோடு காத்தையும் சொல்லுங்கள். எந்தக் கணவாயில் எவ்வளவு வேகம், சாரல் கடையத்தோடு நிற்குமா, ஆலங்குளம் வரை வருமா என்று ஊர் பேரைச் சொல்லிச் சொல்லுங்கள். வருகிற செவ்வாய்க்கிழமை மறுபடியும் தென்காசி லோடு. தார்ப்பாய் ஒன்று போதுமா, இரண்டு போடவா?

இப்படிக்கு,
குட்டியானைக்காரன், திசையன்விளை