சென்னைக்கு மரம் நடும் மாதம் ஜூன் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று நகரில் பல இடங்களில் மரக்கன்றுகள் நட்ட படங்களைத் தங்கள் நாளிதழில் பார்த்தேன். பூவாளியோடு நிற்கும் பள்ளிப் பிள்ளைகளின் முகங்களைக் கண்டு மகிழ்ந்தேன். ஆனால் முப்பது ஆண்டுகள் தாவரவியல் கற்பித்த எனக்கு அந்தக் கன்றுகளை நினைத்தால் கவலையாக இருக்கிறது. சென்னையில் ஜூன் 5 மரம் நடுவதற்கான நாளே அல்ல.

அப்போது கத்திரி வெயில் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். தார்ச்சாலை இரவிலும் அனலடிக்கும். தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் கொட்டும். நமக்கு எப்போதாவது மாலையில் ஓர் இடிமழை கிடைத்தால் உண்டு. நமக்கு உரிய மழை ஐப்பசியில்தான் வரும். 1950இல் அன்றைய மத்திய வேளாண் அமைச்சர் கே.எம்.முன்ஷி தொடங்கிவைத்த வன மகோத்சவம் என்ற மரம் நடு விழாவும் ஜூலை முதல் வாரத்தில் வருகிறது. வடக்கே அது மழைக்காலம். அதே நாட்காட்டியைப் பார்த்துச் சென்னையில் நடுகிறவர்கள், பருவமழைக்கு மூன்று நான்கு மாதம் முன்பே கன்றை வெயிலில் இறக்கிவிடுகிறார்கள்.

எங்கள் தெருவிலேயே இதைக் கண்கூடாகப் பார்த்தேன். ஐந்து ஆண்டுகளுக்கு முன் இதே ஜூன் 5 அன்று பதினெட்டுக் கன்றுகள் நட்டார்கள். அடுத்த வாரம் தண்ணீர் ஊற்ற ஒருவரும் வரவில்லை. ஆடி முடிவதற்குள் பத்து காய்ந்துவிட்டன. மாடு கடித்தவை போக ஐப்பசியில் மிஞ்சியவை ஒரு புங்கன், ஒரு பூவரசு, இரண்டே. அடுத்த ஆண்டு புரட்டாசிக் கடைசியில் நாங்கள் அக்கம்பக்கத்தார் சேர்ந்து காலிக் குழிகளில் ஏழு கன்றுகள் நட்டோம். குழியை மூன்றடி ஆழத்துக்குத் தோண்டி, கட்டடக் கழிவை அள்ளி வெளியே போட்டு, செம்மண்ணும் தொழு உரமும் கலந்து நிரப்பினோம். வேர் பிடிக்கும் வேலையை மழை பார்த்துக்கொண்டது. கோடையில் அரிசி களைந்த நீரும், ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் நீரும் வாளி வாளியாகப் போயின. ஏழில் ஆறு இன்று மாடி உயரம் நிற்கின்றன.

அவற்றுக்கும் சென்ற ஆண்டு ஆபத்து வந்தது. நடைபாதைக்குக் கல் பதிக்க வந்தவர்கள் அடிமரத்தை ஒட்டிச் சிமெண்டைப் பூசிக்கொண்டே வந்தார்கள். நான் போய்க் குறுக்கே நின்றேன். வேலைக்கு வந்த மேஸ்திரி நல்ல மனிதர். "எங்களுக்குக் கொடுத்த வரைபடத்தில் மரமே இல்லையம்மா" என்றார். அவரிடம் மன்றாடி, மரத்துக்கு இரண்டு சாண் மண் மட்டுமே மீட்க முடிந்தது.

வேரும் மூச்சு விடுகிறது என்பதைப் பலர் அறிவதில்லை. நீரையும் காற்றையும் தேடும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், ஓரிரண்டு அடிக்குள்தான் பரவியிருக்கிறது. அதைச் சிமெண்டால் மூடினால் மரம் மூச்சு முட்டி மெல்ல மெல்ல நலியும். கேபிளுக்கும் குழாய்க்கும் பள்ளம் வெட்டுகிறவர்கள் ஒரு பக்கத்து வேரை முழுவதும் அறுத்துவிட்டால், மரம் இலை தழைத்து நலமாகத்தான் தெரியும். ஆனால் அதற்குப் பிடிமானம் போய்விட்டிருக்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் நகரெங்கும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மறுநாள் காலை நான் நடந்து போன வழியில், வேரோடு பெயர்ந்து கிடந்தவற்றில் பலவற்றின் அடியில் ஒரு பக்கம் வேரே இல்லை. மழுங்க வெட்டிய பழைய தழும்புகள்தான் இருந்தன. எல்லாப் பழியும் புயலின்மீது விழுந்தது. அதைக் கண்டு எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

தலைநகர் டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கான்கிரீட்டை அகற்றவேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இலேயே உத்தரவிட்டது. அதே அளவு மண்ணை இங்கும் ஒவ்வொரு சாலை மரத்துக்கும் விட்டாகவேண்டும். நடைபாதை ஒப்பந்தத்தில் அதை ஒரு நிபந்தனையாக எழுதினால் கொத்தனாரிடம் யாரும் மன்றாட வேண்டியிராது. கன்றைச் சுற்றிய இரும்புக்கூண்டையும் மரம் பருத்ததும் கழற்றவேண்டும். கம்பி பட்டைக்குள் புதைந்து கிடக்கும் மரங்களைத் தெருத்தெருவாகக் காண்கிறேன்.

பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022 செப்டம்பர் 24 அன்று, நமக்கு உகந்த புரட்டாசி மாதத்தில் தொடங்கப்பட்டது. மாநிலத்தின் காடு, மரப்பரப்பை 33 விழுக்காடாக உயர்த்துவது அதன் இலக்கு. அந்த இலக்கு நிறைவேறவேண்டும் என்று மனமார விரும்புகிறேன். அதற்கு, நட்ட கன்றுகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, மூன்று கோடையைத் தாண்டிய மரங்களின் எண்ணிக்கையை வார்டு வாரியாக வெளியிடுமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறேன். ஜூன் 5 அன்று பிள்ளைகள் விதை சேகரிக்கட்டும், குழி தோண்டட்டும், முன்பு நட்ட மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றட்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். படத்தில் இருந்த அந்தக் கன்றுகளைத் தங்கள் புகைப்படக்காரர் ஐப்பசியில் ஒருமுறை தேடிச் சென்று, இருப்பவற்றையும் காலிக் குழிகளையும் அதே பக்கத்தில், அதே அளவில் வெளியிடவேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
சென்னை.