பர்மிங்காம் கவுன்சிலுக்கு: ரேமண்ட் மேசனுக்கு அவர் இடத்த திருப்பிக் கொடுங்க

மதிப்பிற்குரிய பர்மிங்காம் நகர கவுன்சில் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உங்க இங்கிலாந்து ஊர் சென்டினரி ஸ்கொயர்ல இருந்த, சிற்பி ரேமண்ட் மேசன் செஞ்ச 'ஃபார்வர்ட்' சிலைக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியாதது இல்ல. 1991ல வெச்சது, 2003 ஏப்ரல்ல யாரோ பசங்க தீ வெச்சாங்க, ஃபைபர்கிளாஸ்ங்கறதால கபகபன்னு பிடிச்சு, பன்னண்டு வருஷம்கூட முழுசா நிக்காம போயிடுச்சு.

ரேமண்ட் மேசன் 1922ல உங்க ஊர்ல பொறந்து, உங்க ஊர் ஆர்ட் ஸ்கூல்ல படிச்சவர். 1946ல பாரிஸ் போனார், 2010ல அங்கயே காலமானார். ஆனா அவர் கை கடைசிவரைக்கும் தெருவுல நடக்குற சாதாரண ஜனங்களத்தான் செஞ்சுச்சு. பாரிஸ் காய்கறி மார்க்கெட்ட 1969ல ஊருக்கு வெளிய மாத்துனப்போ, பெட்டியும் கூடையுமா காய்கறி தூக்கிட்டுப் போற ஆளுங்கள கலர் கலரா செஞ்சார், அத சாந்த்-யூஸ்தாஷ் சர்ச் உள்ளயே வெச்சிருக்காங்க. 1974ல பிரான்ஸ் லியேவன் சுரங்கத்துல 42 பேர் செத்தப்போ, மழையில அழுதுட்டு நிக்கிற குடும்பங்கள செஞ்சார். அப்படிப்பட்ட மனுஷன் சொந்த ஊருக்குன்னு செஞ்சது, தொழிற்சாலையிலேருந்து கூட்டமா முன்னால நடந்து வர்ற உங்க ஜனங்களத்தான், ஊரோட குறிக்கோள் வார்த்தையான 'ஃபார்வர்ட்'டையே, அதாவது 'முன்னோக்கி'ங்கறதையே, அதுக்குப் பேரா வெச்சு. அது இருந்த இடத்துல அவருக்கு ஒரு இடம் கொடுங்கன்னுதான் கேக்குறேன்.

முடியாத காரியமான்னா இல்ல. சிற்பி வில்லியம் ப்ளாய் செஞ்ச, நீராவி எஞ்சின் உருவாக்குன போல்டன், வாட், மர்டாக் மூணு பேரோட சிலைய டிராம் வேலைக்காக 2017ல கழட்டி, 2022ல பத்திரமா திரும்ப வெச்சீங்க, ரொம்ப சந்தோஷம், ப்ளாய் அதுக்குத் தகுதியானவர்தான். ஆனா மெஷின் உருவாக்குனவங்களுக்கு திரும்பி வர வழி இருக்கு, அந்த மெஷின்ல வேல பாத்தவங்களுக்கு மட்டும் இல்லையேங்கறப்போ மனசு எரியுது. ஃபைபர்கிளாஸ் நிக்காதுன்னும் சொல்ல முடியாது, கனடா மாண்ட்ரியால்ல 1986ல மேசன் வெச்ச ஜனக்கூட்ட சிலையும் பாலியஸ்டர் ரெசின்ங்கற அதே மாதிரி பிளாஸ்டிக்தான், அத வருஷக்கணக்கா பாத்துக்கிட்டாங்க.

2023ல கவுன்சில் கையில காசில்லன்னு அறிவிச்சீங்க, அப்புறம் கலை அமைப்புங்களுக்குக் குடுத்த மானியத்துல கை வெச்சீங்க. எப்பவும் மொத வெட்டு கலைக்குத்தானா? பணமில்லாத ஊருக்குத்தான் தெருவுல சும்மா நின்னு பாக்க ஒண்ணு வேணும்.

கோவத்துல எழுதிட்டேன், மன்னிக்கணும். முழு சிலையும் இப்போ முடியாதுன்னா, அது நின்ன எடத்துல அதோட படமும் மேசன் பேரும் பதிச்ச ஒரு பலகையாவது மொதல்ல வையுங்க. அடுத்த கூட்டத்துல இத எடுத்துப் பேசணும்னு பணிவா கேட்டுக்கறேன்.