அசல் மட்டும் போதுமே என்று கேட்பவர்களுக்கு

கோயம்புத்தூரிலும் சுற்றுப்பக்கத்திலும் ஜாப் ஆர்டர் கொடுக்கும் கம்பெனி முதலாளிகளுக்கும், அங்கே உட்கார்ந்து பில் பாஸ் பண்ணுகிற அக்கவுண்ட்ஸ்காரர்களுக்கும் வணக்கமுங்க.

நான் இரண்டு லேத்தும் ஒரு மில்லிங் மெஷினும் போட்டு, மூன்று பேரை வைத்து பம்பு ஷாஃப்ட் கடைசல் பிடித்துக் கொடுக்கிறவன். உங்களில் ஒருவரிடம் 1,86,400 ரூபாய் மாட்டிக்கொண்டது. 2024 ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்று மூன்று பில். 2025 ஜூனில்தான் பேசி முடித்தோம். எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை, வெளியே சொல்லமாட்டேன் என்று முடிக்கும்போது வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பேச்சுவார்த்தையில் என்னிடம் கேட்ட அதே கேள்வியை எங்கள் தெருவில் இன்னும் நாலு பட்டறைக்காரர்களிடமும் கேட்டிருக்கிறார்கள். "அசல் முழுசா தந்துர்றோம், வட்டியை விட்டுருங்க, கேஸை வாபஸ் வாங்கிக்குங்க." எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

முதலில் அந்த ஒரு வருஷம் எப்படிப் போனது என்று சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பக்கத்திலிருந்து பார்க்கும்போது அது மூன்று பில் நம்பர், சிஸ்டத்தில் மூன்று வரி. என் பக்கத்தில் ஜூன் மாதத்துச் சரக்கை முடிக்க என் ஆட்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள், அவர்களுக்குச் சம்பளம் சனிக்கிழமை சாயங்காலம் கையில் கொடுத்தாக வேண்டும். கரண்ட் பில்லுக்குத் தேதி தவறினால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள். டூல் பிட் கடையில் ஒரு மாதம் கடன் சொல்லலாம், இரண்டாவது மாதம் முகம் மாறும். அந்த மூன்று பில்லுக்கும் உண்டான ஜி.எஸ்.டி.யை, உங்களிடமிருந்து ஒரு ரூபாய் வராமலே, அடுத்தடுத்த மாதம் என் கைக்காசிலிருந்து கட்டினேன். அந்தப் பில்கள் உங்கள் ஜி.எஸ்.டி. கணக்கில் தெரிந்ததும் நீங்கள் அதை இன்புட் கிரெடிட்டாக எடுத்துக்கொண்டீர்கள். அதாவது நான் கட்டிய வரியை உங்கள் வரியில் கழித்துக்கொண்டு, எனக்குப் பில் பணத்தையும் தரவில்லை. 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் அந்தக் கிரெடிட்டை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும் என்று ஜி.எஸ்.டி. சட்டத்திலேயே இருக்கிறது. அதையும் எங்கள் ஆடிட்டர்தான் எனக்குச் சொன்னார், அதுவரை எனக்குத் தெரியாது.

தீபாவளி போனஸுக்கு வீட்டுக்காரம்மாவின் செயினை அடகு வைத்தேன். அன்றைக்குக் காலையில்கூட உங்கள் ஆபீசில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சார் கையெழுத்துப் போடவில்லை, சார் ஊரில் இல்லை, பேங்கில் லிமிட் இல்லை, அடுத்த வாரம் வாங்க. அங்கே கவுண்டரில் இருந்த பையன்மேல் எனக்குக் கோபமே இல்லை, அவன் சொல்லச் சொன்னதைச் சொன்னான். ஜனவரிக்கு மேல் அவன் என் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டான்.

ஆர்டர் தாளில் 90 நாள் கிரெடிட் என்று அச்சடித்திருக்கிறதே, அதில் நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்று பிறகு கேட்டீர்கள். போட்டேன், போடாவிட்டால் ஆர்டர் கிடையாது. ஆனால் 2006-ஆம் வருஷத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்தில் எழுத்து மூலம் பேசிக்கொண்டால்கூட 45 நாளுக்கு மேல் தள்ளக் கூடாது என்றிருக்கிறது. எதுவும் எழுதிக்கொள்ளாவிட்டால் 15 நாள். நாள் தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டுக்கு மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் வட்டிக்கு வட்டி. என் பில்கள் தேதி தாண்டிய சமயத்தில் பேங்க் ரேட் 6.75 சதவீதம், அதற்கு மூன்று மடங்கு 20.25. அப்புறம் 2025-ல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. எல்லாம் போட்டுப் பார்த்தால் வட்டி சுமார் 29,000 ரூபாய் வந்தது.

பிப்ரவரியில், பாக்கி வராத சிறு தொழில்காரர்கள் புகார் கொடுக்கிற அரசாங்கத்தின் சமாதான் இணையதளத்தில் மனுப் போட்டேன். அந்த முடிவுக்கு வர எனக்கு நாலு மாதம் ஆனது. பயம் சட்டத்தைப் பற்றி இல்லை, அடுத்த ஆர்டரைப் பற்றி. மனுப் போட்டவன் என்று பெயர் ஆகிவிட்டால் உங்களோடு சேர்த்து இன்னும் இரண்டு பேர் நிறுத்திவிடுவார்கள் என்று பட்டறைக்கு வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். சிறு தொழில் என்று அரசாங்கத்தில் பதிந்துகொள்கிற உத்யம் பதிவை 2021-லேயே செய்து வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று, பில் போட்டதற்கு அப்புறம் பதிவு செய்தால் பழைய பில்லுக்கு இந்தச் சட்டத்தைக் கேட்பது கஷ்டம். பில், ஆர்டர் தாள், சரக்கு இறக்கியதற்கான டெலிவரி செலான், வாட்ஸப்பில் பேசியது எல்லாம் ஏற்றினேன். ஒரே ஒரு செலானில் உங்கள் ஸ்டோர்ஸ் சீல் இல்லை. ஜூலை மாதத்துச் சரக்கு அது. இறக்கிய அன்றைக்கு ஸ்டோர் கீப்பர் சாப்பிடப் போயிருக்கிறார், நாளைக்கு வாங்கிக்கலாம் என்று எங்கள் பையன் திரும்பிவிட்டான், மறுநாள் அடுத்த வேலை வந்துவிட்டது.

மனுப் போட்ட தகவல் உங்களுக்கு வந்த பிறகுதான் முதல்முறையாக ஒரு வார்த்தை கேட்டேன்: சரக்கு ரிஜெக்ஷன். எட்டு மாதமாக ஒரு ஷாஃப்ட்கூடத் திரும்பி வரவில்லை, குறைக்காகப் பணம் பிடிக்கிறோம் என்று ஒரு டெபிட் நோட் இல்லை, அந்தப் பம்பெல்லாம் எங்கேயோ கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கும். நான் கடைசல் பிடித்த சரக்கில் அளவு தப்பியது என்று அப்போது சொன்னது எனக்கு வட்டியை விட அதிகமாக வலித்தது. ஒவ்வொரு ஷாஃப்டையும் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்துத்தான் அனுப்புகிறேன். குறை இருந்தால் டெலிவரி ஆன 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் சரக்கை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம் என்று அதே சட்டம் சொல்கிறது. இது உங்களுக்கும் பாதுகாப்பான விதிதான். உண்மையாகவே குறை இருந்தால் அன்றைக்கே இரண்டு வரி மெயில் போடுங்கள், நான் வந்து மாற்றித் தருகிறேன், எந்தப் பட்டறைக்காரனும் மாட்டேன் என்று சொல்லமாட்டான். பணம் கேட்ட பிறகு கண்டுபிடிக்கிற குறையை மட்டும் சொல்லாதீர்கள்.

அப்புறம்தான் போன் வந்தது. கவுண்டர் பையன் இல்லை, முதலாளியே பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். இந்த மனுக்களை விசாரிக்கிற அரசாங்கக் கவுன்சில் முதலில் சமரசம் பேசும், ஒத்து வராவிட்டால் ஆர்பிட்ரேஷனுக்கு, அதாவது நடுவர் தீர்ப்புக்குப் போகும், உத்தரவு வந்துவிட்டால் அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக 75 சதவீதத் தொகையை முதலில் கட்டிவிட்டுத்தான் நுழைய முடியும். இதெல்லாம் அவருக்கு ஆடிட்டர் சொல்லியிருப்பார். பேச வந்ததை நான் குறையாக நினைக்கவில்லை, பேசி முடிப்பதுதான் இரண்டு பேருக்கும் நல்லது. நான் கேட்பதெல்லாம், பேச்சை எங்கிருந்து ஆரம்பிக்கிறீர்கள் என்பதுதான். "எவ்வளவு விட்டுக்கொடுப்பீங்க?" என்று ஆரம்பித்தார். விட்டுக்கொடுப்பது என்றால் கையில் இருப்பதைக் கொடுப்பது. என் கையில் எதுவும் இல்லை. பத்து மாதம் அந்தப் பணம் உங்கள் தொழிலில் சுற்றியது, தீபாவளியிலிருந்து நான் செயினுக்கு வட்டி கட்டினேன். பேங்கில் ஓவர் டிராஃப்ட் எடுத்திருந்தால் வட்டியை விடச் சொல்லி மேனேஜரிடம் கேட்டிருப்பீர்களா?

கடைசியில் அசல் முழுசும், வட்டியில் 12,000-மும் என்று முடிந்தது. 17,000 ரூபாய் விட்டேன். மனசு ஒப்பி விடவில்லை, ஜூன் மாதம் பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஃபீஸ், கவுன்சிலில் அடுத்த தேதி எப்போது வரும் என்று தெரியாது, அதனால் விட்டேன். ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். முதலில் வாபஸ் கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள், பணம் பின்னால் வரும் என்றார்கள். பணம் அக்கவுண்டில் ஏறிய பிறகுதான் கையெழுத்து என்று சொல்லிவிட்டேன். இரண்டு தவணையாகக் கேட்டார்கள், சரி என்றேன், இரண்டாவது தவணை ஏறிய அன்றைக்கு மத்தியானம் போய்க் கையெழுத்துப் போட்டேன். இப்படி மாட்டிக்கொண்டிருக்கிற பட்டறைக்காரர் யாராவது இதைப் படித்தால் இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு அப்புறம் அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு ஆர்டரும் வரவில்லை. ஒன்பது வருஷம் அவர்களுக்கு வேலை செய்தேன்.

மார்ச் மாதம் வந்தால் உங்கள் அக்கவுண்ட்ஸிலிருந்து எங்களுக்கு வரிசையாகப் போன் வருவது எங்களுக்குத் தெரியும். உத்யம் சர்டிபிகேட் அனுப்புங்க, பாக்கி இவ்வளவுதான் என்று பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் அனுப்புங்க. 2023-24 கணக்கு வருஷத்திலிருந்து, குறு, சிறு நிறுவனங்களுக்கான பாக்கியை அந்த 15 அல்லது 45 நாள் கெடுவுக்குள் கொடுக்காமல் வருஷ முடிவில் நிலுவையாக வைத்திருந்தால், கொடுக்கிற வருஷத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும் என்று வருமான வரிச் சட்டத்தில் கொண்டுவந்தார்கள். இந்த விதிக்காகவே உத்யம் பதிவை ரத்து செய்துவிட்டு வா, அப்போதுதான் ஆர்டர் என்று எங்களில் சிலரிடம் சொன்னார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். எங்களுக்கென்று இருக்கிற ஒரே காகிதம் அது.

45 நாளில் முடியாத நெருக்கடி உங்களுக்கும் வரும் என்று எனக்குப் புரிகிறது. உங்களுக்கும் மேலே ஒரு பெரிய கம்பெனி பில்லைப் பிடித்து வைத்திருக்கும். அப்படி இருந்தால் நாற்பதாவது நாள் நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்கள், இந்தத் தேதியில் பாதி, இந்தத் தேதியில் மீதி என்று. அந்தப் போன் ஒன்று வந்திருந்தால் நான் மனுவே போட்டிருக்கமாட்டேன், வட்டியும் கேட்டிருக்கமாட்டேன்.

இன்னொன்று, இதற்குப் பணம் எதுவும் வேண்டாம். நாளைக்கும் உங்கள் ஸ்டோர்ஸ் வாசலில் யாரோ ஒரு பட்டறையிலிருந்து ஒரு பையன் செலானோடு நிற்பான். எண்ணிப் பார்த்துவிட்டு, அன்றைக்கே தேதி போட்டு சீல் அடித்துக் கொடுத்து அனுப்புங்கள்.