அரசு மருத்துவமனைகளில் சைகை மொழிபெயர்ப்பாளர் நியமிக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
காது கேளாத பெற்றோரின் மகள்
(பெயர், முகவரி தனித்தாளில்)

பெறுநர்:
மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் அவர்கள்,
சென்னை.

பொருள்: காது கேளாத பெற்றோருக்காக அவர்களுடைய சிறு பிள்ளைகளையே மருத்துவமனைகளில் மொழிபெயர்க்க வைப்பதை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு, வணக்கம்.

என் அம்மா, அப்பா இருவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது. எனக்கும் தம்பிக்கும் கேட்கும். வீட்டில் எங்கள் பேச்சு முழுக்க சைகையில்தான். கதை, கொஞ்சல், சண்டை எல்லாம் கையிலும் முகத்திலும் நடக்கும். அப்படி வளர்ந்ததில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ரேஷன் கடையிலும் மின்வாரிய அலுவலகத்திலும் சின்ன வயதிலிருந்தே அவர்களுக்காக நான்தான் பேசியிருக்கிறேன். அதைப் பற்றியும் எனக்குப் புகார் கிடையாது, பெற்றோருக்குப் பிள்ளை செய்கிற ஒத்தாசைதானே. ஆனால் மருத்துவமனை அப்படியல்ல.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி இருந்தது. அரசு மருத்துவமனையில் மருத்துவர் என்னைப் பார்த்துத்தான் பேசினார். கர்ப்பப்பையை எடுக்க வேண்டும், புற்றுநோயா இல்லையா என்பது சதைப் பரிசோதனைக்குப் பிறகுதான் தெரியும், அம்மாவிடம் சொல்லிக் கையெழுத்து வாங்கு என்றார். அதற்கு முன் மாதவிடாய் பற்றியும் அப்பாவோடு உள்ள உறவு பற்றியும் கேட்டார். ஒரு மகள் தாயிடம் கேட்கக் கூடாதவற்றை நான் கேட்க வேண்டியிருந்தது. சைகை மொழியில் பாதி அர்த்தம் முகத்தில் இருக்கிறது. பயத்தை மறைத்துக்கொண்டு செய்தியை மட்டும் சொல்ல எனக்கு வழியே இல்லை. நான் சொல்லி முடிப்பதற்குள் அம்மா அழத் தொடங்கிவிட்டார்.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அந்த மருத்துவர்மீதும் எனக்கு வருத்தமில்லை. அவசரத்துக்குக் கூப்பிட அவருக்கு அங்கே வேறு ஆள் இல்லை.

இப்போது நான் வெளியூரில் கல்லூரியில் படிக்கிறேன். அந்த வேலை ஏழாம் வகுப்பு படிக்கும் தம்பியிடம் போயிருக்கிறது. அப்பாவின் சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனைக்கு அவன் பள்ளிக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போகிறான். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்பதை அவன்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும். அவனுக்காகத்தான் முக்கியமாக இந்த மனுவை எழுதுகிறேன்.

எழுதிக் காட்டினால் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. சரியான பள்ளிப்படிப்பு கிடைக்காத என் பெற்றோருக்கு ஒப்புதல் படிவத்தின் தமிழ் புரியாது. முகக்கவசம் போட்டவரின் உதட்டசைவும் தெரியாது. வெளிநோயாளிகள் பிரிவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அதுகூட அவர்களுக்கு எட்டாது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, தகவல் தொடர்பு என்பதில் சைகை மொழியையும் சேர்த்தே சொல்கிறது. மருத்துவமனையின் எல்லாப் பகுதிகளிலும் தடையின்றிச் சேவை கிடைக்க வேண்டும் என்கிறது பிரிவு 25. சாய்தளம் கட்டினால் மட்டும் அது நிறைவேறிவிடாது. பயிற்சிக்கும் வழி இருக்கிறது. 2015இல் டெல்லியில் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் தொடங்கப்பட்டு, மொழிபெயர்ப்பாளர்களுக்கான பட்டயப் படிப்பும் நடக்கிறது.

ஆகவே, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் தகுதிபெற்ற சைகை மொழிபெயர்ப்பாளரை நியமிக்கும்படி மக்கள் நல்வாழ்வுத் துறைக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறேன். அதற்குக் காலம் பிடிக்கும் என்றால், அதுவரை வீடியோ அழைப்பில் ஒரு மொழிபெயர்ப்பாளர் கிடைத்தாலே பெரிய உதவி. உயிர் போகும் அவசரம் தவிர, நோயின் விவரம் சொல்லவும் ஒப்புதல் வாங்கவும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பயன்படுத்தக் கூடாது என்று தெளிவான சுற்றறிக்கை வேண்டும். ஓ.பி. சீட்டிலேயே "காது கேளாதவர்" என்று குறித்து, முறை வரும்போது நேரில் வந்து அழைக்கச் சொன்னால் செலவே இல்லை. அப்புறம், எங்களைப் போன்ற பிள்ளைகளில் விருப்பமுள்ளவர்களுக்கு 18 வயதுக்குப் பின் பயிற்சியும் ஊதியத்தோடு வேலையும் கொடுத்தால் நிச்சயம் முன்வருவோம். நான் முதல் ஆளாக வருவேன்.

பிரிவு 80(ஆ)-இன் கீழ் தாங்கள் பரிந்துரைத்தால், எடுத்த நடவடிக்கையை அந்தத் துறை மூன்று மாதங்களுக்குள் தங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பிரிவு 81 சொல்கிறது. அந்தப் பதிலின் நகலை எனக்கும் அனுப்பிவைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(மனுதாரர் கையொப்பம்)

இணைப்பு: பெற்றோரின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகல்கள்.