ஆகஸ்டில் போய்ப் பார், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. கனடாவில் சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது, இன்னொரு குளிர்காலம் என்னால் முடியாதும்மா, துபாயில் வேலை தருகிறார்கள், போய்விடட்டுமா என்று கேட்டாய். போனில் பதில் சொன்னால் நடுவில் குட்டி அழுவாள், அப்பா குறுக்கே பேசுவார். அதனால் எழுதுகிறேன்.

உன் கஷ்டம் எனக்குத் தெரியாததில்லை. மருமகள் பிரசவத்துக்கு வந்து டொரண்டோவில் உங்கள் ஸ்கார்பரோ வீட்டில் மூன்று மாசம் இருந்தவள்தானே நான். குட்டியைத் தடுப்பூசிக்குக் கூட்டிப்போக உள்சட்டை, ஸ்வெட்டர், தொப்பி, காலுறை என்று மாட்டி முடிக்கவே இருபது நிமிஷம் ஆகும். முடித்த கையோடு நனைத்துவிடுவாள், திரும்ப முதலிலிருந்து. ஹீட்டர் காற்றில் எனக்கு மூக்கு காய்ந்து ரத்தம் வந்தது. நீ இருட்டில் எழுந்து காரின் மேல் பனியைச் சுரண்டிவிட்டுப் போய், இருட்டில் திரும்புவாய். "முகத்துல வெயில் பட்டு எத்தனை நாளாச்சும்மா" என்று ஒருநாள் ஜன்னலோரம் நின்று சொன்னாயே, அது இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால் போகவே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஆனால் துபாய்க்குப் பக்கத்தில் நீ வளர்ந்த ஷார்ஜா, உன் மனசில் இருப்பது வேறு, நான் 16 வருஷம் குடும்பம் நடத்திய ஷார்ஜா வேறு. உனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் டிசம்பர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூங்காவில் அப்பாவோடு கிரிக்கெட், கோர்ஃபக்கான் போய்க் கடலில் குளித்தது. எனக்கு ஞாபகம் இருப்பது ஆகஸ்ட். வெயில் 45 டிகிரி, அதற்கு மேல் கடலோரப் புழுக்கம். ஏ.சி.யிலிருந்து வெளியே கால் வைத்ததும் அப்பாவின் கண்ணாடி ஆவி படிந்து மூடிக்கொள்ளும். மொட்டைமாடித் தொட்டி கொதித்து, பச்சைத்தண்ணீர்க் குழாயில்தான் வெந்நீர் வரும். கோடை முழுக்க கீஸரை அணைத்து வைத்து, அதற்குள் நின்று ஆறிய தண்ணீரைச் சிவப்புக் குழாயில் பிடித்துத்தான் உன்னைக் குளிப்பாட்டுவேன். அந்தப் பழக்கத்தில், ஒரு லீவுக்குச் சென்னை வந்தபோது அத்தை வீட்டில் சிவப்புக் குழாயைத் திறந்து கையைச் சுட்டுக்கொண்டு அழுதாய். மறந்திருப்பாய்.

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை நீ வளர்ந்ததெல்லாம் அந்த ஹாலுக்குள், டி.வி.க்கு முன்னால்தான். கனடாவில் பனி அடைத்துப் போடுகிறது, ஷார்ஜாவில் வெயில் அடைத்துப் போடும். டொரண்டோவிலாவது போர்த்திக்கொண்டு இறங்கினால் குட்டி பனியை அள்ளி விளையாடலாம். ஆகஸ்ட் மத்தியானத்துக்கு எதைப் போர்த்திக்கொள்வது? ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் பன்னிரண்டரையிலிருந்து மூன்று மணிவரை வெட்டவெளியில் யாரையும் வேலை வாங்கக்கூடாது என்று அந்த நாட்டில் சட்டமே இருக்கிறதென்றால் பார்த்துக்கொள்.

பணம் நிற்கும், அதில் சந்தேகமில்லை. சம்பளத்துக்கு வரி கிடையாது. அப்பா அங்கே சம்பாதித்ததில்தான் இந்த வீடு, உன் படிப்பு, அத்தை கல்யாணம் எல்லாம். அந்த மண்ணைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகும். ஆனால் குட்டிக்குப் பள்ளிக்கூடம் அங்கே காசு, கனடாவில் இலவசம். வாடகைக்கும் பின்தேதி போட்ட செக்குகளை மொத்தமாக எழுதிக் கொடுக்கவேண்டியிருக்கும். அதையும் சேர்த்துக் கணக்குப் பார்.

வெயிலும் பணமும் எப்படியோ சமாளிக்கலாம். எனக்கு வயிறு கலங்குவது விசா விஷயத்தில். 2009 ஜனவரியில் அப்பா கம்பெனியில் கட்டடவேலை நின்றுபோய் ஆட்களை அனுப்பினார்கள். அப்பா விசாவில்தான் நீயும் நானும் இருந்தோம். நாட்டை விட்டுக் கிளம்ப மூன்று பேருக்கும் சேர்த்து முப்பது நாள் கெடு. உனக்கு ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சைக்கு இரண்டே மாசம். சோபாவை வாங்க ஆளில்லை, அந்தக் கட்டடத்தில் பாதிப்பேர் விற்றுக்கொண்டிருந்தார்கள். உன் சைக்கிளைக் கீழ்வீட்டு மலையாளிப் பையனுக்குக் கொடுத்தோம். அவன் அதை லிஃப்டுக்குள் தள்ளிக்கொண்டு போக, கதவு மூடும்வரை நீ பார்த்துக்கொண்டே நின்றாய். ஒரு வார்த்தை பேசவில்லை. பதினாறு வருஷம் இருந்த ஊரில் நமக்கு ஒரு நாள்கூட உரிமையாக இருக்கவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இப்போது பத்து வருஷ கோல்டன் விசாவெல்லாம் இருக்கிறதும்மா என்பாய். சரி, உனக்கு அதுவா தருகிறார்கள்? வேலையோடு ஒட்டிய விசாதானே. வேலை போனால் அதுவும் போச்சு.

கனடாவில் ஐந்து வருஷத்துக்குள் 1,095 நாள் இருந்தால் குடியுரிமைக்கு மனு போடலாம் என்று நீதான் சொன்னாய். நீங்கள் போய் இரண்டு வருஷம் எட்டு மாசம். ஊருக்கு வந்த ஒரு மாசத்தைக் கழித்தால் இன்னும் ஐந்து மாசம்தான் பாக்கி. இந்த நேரத்திலா கிளம்புவது? மனு போட்ட பிறகும் பரீட்சை, உறுதிமொழி என்று கூப்பிடுவார்கள், அதுவரை அங்கேயே இருப்பதுதான் நல்லது. இன்னொரு குளிர்காலம்கூட ஆகலாம், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பாஸ்போர்ட்டோடு துபாய் போனால், வேலை போனாலும் திரும்பிப்போக உனக்கு ஒரு வாசல் இருக்கும். குட்டி கனடாவில் பிறந்தவள், அவளுக்கு அது இப்போதே இருக்கிறது. அவளைப் பெற்றவர்களுக்கும் இருக்கவேண்டாமா?

கனடாக் குடியுரிமை வாங்கினால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கவேண்டும் என்று நினைத்தால் எனக்கும் தொண்டை அடைக்கிறது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய நம்மவர்களுக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை வாங்கினால் விசா இல்லாமல் வந்துபோகலாம், ஆனால் ஓட்டு கிடையாது. அப்பா இதைக் கேட்டு அன்றைக்கு ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் அவரே, "பையனுக்கு நம்ம கதி வேண்டாம்" என்றார்.

நீ பக்கத்தில் இருந்தால் எனக்கு ஆசையில்லையா? திருச்சியில் ஏறினால் நாலு மணி நேரத்தில் துபாய். அப்பா முழங்கால் வலிக்குக்கூட நீ ஓடி வந்துவிடலாம். அந்த ஆசையை ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

குட்டிக்கு வைட்டமின் டி சொட்டு போடுகிறீர்களே, நீயும் டாக்டரிடம் போய் ரத்தம் சோதித்துக்கொள். காலையில் முன்னால் உட்கார பிரகாசமான விளக்கு விற்கிறார்கள் என்றாயே, அதை வாங்கு. காசு பார்க்காதே. இருட்டில் மனசு ரொம்பச் சோர்ந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல். துபாய்க்காரர்களிடம் சேரும் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேள். முடியாது என்றால் விடு, இன்னொன்று வரும். மனு போட்டபின் ஆகஸ்டில் ஒரு வாரம் லீவு எடுத்து, மருமகளையும் குட்டியையும் கூட்டிக்கொண்டு அங்கே போய் இருந்து பார். அவளுக்கு அந்த ஊர் தெரியாது, அவளும் பார்த்துச் சொல்லட்டும்.

இங்கே ஐப்பசி மழை விடாமல் பெய்கிறது, கொல்லையில் தண்ணீர் நிற்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் ஏழரைக்குக் கூப்பிடு, எனக்கு ஞாயிறு காலை ஆறு மணி, எழுந்திருப்பேன். குட்டி தூங்குவதற்கு முன்னால் பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா